'ஸ்ரத்திக்குக' என்றால் நம்பு என்றா, கவனி என்றா?

வரப்பு (கொழிஞ்சாம்பாறை)

போன வாரம் கர்க்கடக வாவு. நம் ஆடி அமாவாசைதான். அப்பா போய் மூன்றாவது வருஷம். முன்பெல்லாம் பவானி கூடுதுறைக்குப் போவோம். நான் கட்டியது மலையாள வீட்டுப் பெண் என்பதால் இந்த முறை மாமனார் சொல்படி சித்தூர்ப் புழைக்கரை. அந்த இடத்தில் ஆற்றுக்குச் சோகநாசினி என்று பெயர். மலையாளக் கவி எழுத்தச்சன் கடைசிக் காலத்தில் இருந்த மடம் அதன் கரையில்தான்.

விடிகாலை ஐந்து மணி, தூறல். ஈர வேட்டியோடு வரிசையாக உட்கார்ந்திருக்கிறோம். முன்னால் வாழையிலை, எள், தர்ப்பை, உணக்கலரிச் சோறு. சடங்கு நடத்துகிற கர்மி மைக்கில் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வருகிறார். நடுநடுவே மலையாளத்தில் "எல்லாவரும் ஸ்ரத்திக்குக" என்கிறார். ரோட்டு வளைவில், ரயில்வே கேட்டில், பலகையில் பார்த்துப் பழகிய சொல் எனக்கு. 'கவனம்', அவ்வளவுதான். அன்றைக்கு மட்டும் மண்டையில் ஏதோ தட்டியது. சிராத்தம் என்ற சொல்லே சிரத்தையிலிருந்து வந்ததுதானே? சிரத்தையோடு கொடுப்பதால் சிராத்தம் என்பார்கள். கீதை உரைகளில் அந்தச் சிரத்தைக்கு 'நம்பிக்கை' என்று அர்த்தம் போட்டிருக்கிறது. நம் வீட்டிலோ 'சிரத்தையா செய்' என்றால் பிசகில்லாமல் செய் என்று அர்த்தம்.

உள்ளதைச் சொல்கிறேன். அப்பா அந்தச் சோற்றைத் தின்ன வருவார் என்று எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் எள்ளும் தண்ணீரும் விட்ட அந்த அரைமணி நேரம் வேறு நினைப்பே வரவில்லை. வாய்க்கால் முறை, தென்னைக்கு உரம், வங்கிக் கடன், ஒன்றும் வரவில்லை. அப்படியானால் எனக்குச் சிரத்தை இருந்ததா, இல்லையா?

பௌத்தத்திலும் இதே சொல் பாலியில் 'சத்தா' என்று இருக்கிறதாமே. அங்கே என்ன அர்த்தம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நகரித்தறி (நகரி)

அண்ணா, சித்தூர் என்றதும் எங்கள் ஆந்திரச் சித்தூர் என்று நினைத்துவிட்டேன், அங்கே எங்கே புழை வந்தது என்று இரண்டு தடவை படித்தேன். தெலுங்கிலும் அப்படித்தான். 'ஸ்ரத்தகா சதுவு' என்றால் கவனமாகப் படி. பள்ளிக்கூடத்தில் முதுகில் அடியோடு சேர்த்துக் கேட்ட சொல்.

பௌத்தத்தில் நம்பிக்கைக்கே வேலை இல்லை. புத்தர் காளாமர் என்கிற மக்களிடம் சொன்னது ஒன்று போதும்: யார் சொன்னாலும் நம்பாதே, உன் புத்திக்குப் பட்டதை எடுத்துக்கொள். விஷயம் முடிந்தது.

டீச்சர் (களியக்காவிளை)

முடியவில்லை தம்பி. காளாம சுத்தத்தை, அதாவது அந்தப் பாலிச் சூத்திரத்தை, எல்லாரும் பாதிதான் படிக்கிறார்கள். கேள்விப்பட்டது, பரம்பரையாக வந்தது, ஏட்டில் இருப்பது, 'இவர் நம் குரு' என்பது, இவற்றையெல்லாம் வைத்து மட்டும் முடிவுக்கு வராதே என்கிறார், சரி. ஆனால் அதே பட்டியலில் வெறும் தர்க்கமும் இருக்கிறது. 'எனக்குப் படுகிறது' என்பதும் இருக்கிறது. உன் புத்திக்குப் பட்டதை எடுத்துக்கொள் என்று அவர் சொல்லவே இல்லை. இந்தச் செயல் ஆசையிலிருந்து வருகிறதா, வெறுப்பிலிருந்து வருகிறதா, மயக்கத்திலிருந்து வருகிறதா, அறிவுள்ளவர்கள் இதைப் பழிப்பார்களா, செய்தால் துன்பம் விளையுமா என்று பார்க்கச் சொல்கிறார். பேச்சு முடிந்ததும் அந்தக் காளாமர்கள் என்ன செய்கிறார்கள்? சரணம் அடைகிறார்கள். அந்தக் கடைசிப் பத்தியை யாரும் பகிர்வதில்லை.

சத்தா என்பது பௌத்தத்தில் சின்னச் சொல் இல்லை. ஐந்து இந்திரியங்கள் என்று ஒரு வரிசை உண்டு: சத்தா, வீரியம், சதி (விழிப்பு), சமாதி, பஞ்ஞா (ஞானம்). முதல் படியே சத்தாதான். காசிபாரத்வாஜர் என்ற உழவர் கதை வரப்பு தம்பிக்குப் பிடிக்கும். விதைப்புக் காலம், ஐந்நூறு ஏர் பூட்டி நிற்கிறார் அந்தப் பிராமணர். பிச்சைக்கு வந்த புத்தரைப் பார்த்து, 'நான் உழுகிறேன், விதைக்கிறேன், சாப்பிடுகிறேன். நீரும் உழுது சாப்பிடும்' என்கிறார். 'நானும் உழவன்தான்' என்கிறார் புத்தர். சத்தா விதை, தவம் மழை, ஞானம் நுகமும் கலப்பையும். கவனிக்க வேண்டியது, விதையைத்தான் சத்தா என்கிறார், விளைச்சலை இல்லை.

இன்னொன்று, யானைத்தட உவமை. ஜாணுசோணி என்ற பிராமணரிடம் ஒரு பரிவிராஜகர், ஊர் ஊராகச் சுற்றும் துறவி, புத்தரைப் புகழ்கிறார்: பெரிய காலடியைப் பார்த்தால் பெரிய யானை என்று தெரிந்துவிடுமே, அதுபோல எனக்குத் தெரிந்துவிட்டது என்று. ஜாணுசோணி அதைப் போய் புத்தரிடமே சொல்கிறார். தன்னைப் புகழ்ந்த பேச்சுதானே என்று அவர் வாங்கிக்கொள்ளவில்லை. உவமை முழுசாகவில்லை என்கிறார். காட்டில் பெரிய பாதமுள்ள குட்டைப் பிடியானைகளும் உண்டு. தேர்ந்த வேட்டைக்காரன் தடத்தைப் பார்த்து முடிவு கட்ட மாட்டான், அதைப் பின்தொடர்வான். உயரத்தில் உரசின அடையாளம், தந்தம் கீறின தடம், ஒடிந்த கிளை என்று பார்த்துக்கொண்டே போய், கடைசியில் யானையையே கண்ட பிறகுதான் 'இதுதான்' என்பான். தடத்தைப் பார்த்துவிட்டுப் பின்னால் நடக்க வைப்பது எதுவோ அதுதான் சத்தா. வீட்டுக்குத் திரும்பி 'யானை இருக்கிறது' என்று சத்தியம் பண்ணுவது சத்தா ஆகாது.

வரப்பு (கொழிஞ்சாம்பாறை)

டீச்சர், யானை என்றீர்கள், விடமாட்டேன்.

மச்சான் வயல் வாளையார் மலையடிவாரம். போன வருஷம் கதிர் பிடிக்கிற சமயம் ராத்திரி இறங்கிவிட்டது. காலையில் நாங்கள் போனபோது வரப்பில் தடம், அதற்குள் தண்ணீர் ஊறி நிற்கிறது. மச்சான் பார்த்ததும் "கொம்பன்டா, பெரிசு" என்றான். கூட வந்த வாட்சர் ஒன்றும் பேசவில்லை. மடியிலிருந்து சணல் கயிறு எடுத்தார். முன்னங்கால் தடத்தைச் சுற்றி அளந்தார், அந்த நீளத்தைப் போல இரண்டு மடங்கு கயிற்றை நிமிர்த்தினார். சுற்றளவு இரண்டு மடங்கு, ஏறக்குறைய தோள் உயரமாம். அவர் தலைக்கு மேலே கொஞ்சம்தான் வந்தது. அப்புறம் யானை லத்தியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். தேக்கில் சேறு தேய்ந்திருந்த உயரத்தைப் பார்த்தார். "பிடி. கூட ஒரு குட்டி. போய் ஒரு மணி நேரம் ஆகல" என்றார்.

ஓடை தாண்டி நாங்கள் பார்த்தது பிடியும் குட்டியும்தான். மச்சான் இன்றைக்கும் கொம்பன் என்றுதான் ஊரில் சொல்லிக்கொண்டு திரிகிறான். அது வேறு.

புனலூர் பாசஞ்சர் (செங்கோட்டை)

எங்கள் தாலுகா 1956 வரை திருவிதாங்கூர்ப் பக்கம். ஆகவே எனக்கும் இரண்டு பக்கமும் பேச உரிமை உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பௌத்தத்தில்தான் விசாரிக்கிற சிரத்தை, வைதிகத்தில் கண்மூடி நம்புகிற சிரத்தை என்று இந்த உரையாடல் இழை போகிற மாதிரி இருக்கிறது. அது நியாயமில்லை. கடோபநிஷத்தை எடுங்கள். வாஜசிரவசர் யாகம் பண்ணிப் பசுக்களைத் தானம் கொடுக்கிறார். எப்படிப்பட்ட பசு? குடிக்க வேண்டிய தண்ணீரைக் குடித்து முடித்தது, மேய வேண்டிய புல்லை மேய்ந்து முடித்தது, கறக்க வேண்டியதைக் கறந்து முடித்தது. சந்தையில் அடிமாட்டுக்குப் போகிற மாடு. அதைப் பார்த்த பையன் நசிகேதனுக்குள் 'சிரத்தை புகுந்தது' என்கிறது உபநிஷத்து. புகுந்ததும் என்ன பண்ணினான்? அப்பாவிடம் கேள்வி கேட்டான். சிரத்தை வந்ததன் முதல் அடையாளமே கேள்வி. அந்தக் கேள்விதான் அவனை யமன் வாசல்வரை கொண்டுபோய் நிறுத்துகிறது.

ரிக்வேதம் பத்தாம் மண்டலத்தில் சிரத்தைக்கே ஒரு சூக்தம் உண்டு. ஐந்தே மந்திரம். சிரத்தையால் தீ மூட்டப்படுகிறது, சிரத்தையால் அவி சொரியப்படுகிறது என்று தொடங்கும். முடிவில் காலையில் அழைக்கிறோம், உச்சியில் அழைக்கிறோம், பொழுது சாய்கையில் அழைக்கிறோம், சிரத்தையே, எங்களுக்குச் சிரத்தையைக் கொடு என்று கேட்கிறார்கள். நாளைக்கு மூன்று தடவை கேட்க வேண்டியிருக்கிறது! ஒரு தடவை வந்தால் தங்கிவிடுகிற சாமான் இல்லை போல.

சொல்லின் வேரைப் பார்த்தால் 'ஸ்ரத்' என்பதற்கு நிகண்டு சத்தியம் என்று பொருள் சொல்கிறது. மொழியியல்காரர்கள் பலர் இதயம் என்கிறார்கள். 'தா' என்றால் வைப்பது. மனசை வைப்பது. 'மனசு வச்சுச் செய்' என்று நாம் சொல்கிறோமே, அதுதான். வரப்பு கேட்ட நம்பிக்கையும் கவனமும் அந்த இடத்தில் ஒன்றாகத்தான் கிடக்கின்றன.

கீதை பதினேழாம் அத்தியாயம் முழுக்க இதுதான். மனிதன் சிரத்தையால் ஆனவன், எதில் சிரத்தையோ அதுவே அவன். சாத்துவிகம், ராஜசம், தாமசம் என்று மூன்று விதம். ஆக, சிரத்தை இருந்தாலே நல்லது என்று கீதை சொல்லவில்லை. எதில் வைத்தாய் என்று கேட்கிறது. கடைசி சுலோகம் இன்னும் கடுமை: சிரத்தை இல்லாமல் செய்த ஹோமம், தானம், தவம் எல்லாம் 'அசத்', இங்கேயும் உதவாது, அங்கேயும் உதவாது.

நகரித்தறி (நகரி)

எல்லாம் சரிங்க சார். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. எங்கள் அத்தைக்கும் சிரத்தை இருந்தது. வாக்குச் சொல்கிறவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார், மாமாவின் சர்க்கரை இறங்கும் என்றார், மாத்திரையை நிறுத்தச் சொன்னார். மூன்று பவுன் போனது. மாமாவின் கால் விரல் இரண்டு போனது. அத்தை மூன்று வேளையும் மனசு வைத்துத்தான் பூஜை செய்தார், கவனத்தில் ஒரு குறையும் இல்லை. நான் தறி ஓட்டுகிறவன். இழை அறுந்தால் தறியை நிறுத்தி முடிச்சுப் போட வேண்டும். நம்பிக்கையோடு ஓட்டினால் துணி முழுக்க ஓட்டைதான். வள்ளுவர் சொன்னதை விட்டுவிட்டு எங்கேயோ போகிறீர்கள்:

தேறற்க யாரையும் தேராது தேர்ந்தபின்
தேறுக தேறும் பொருள்

டீச்சர் (களியக்காவிளை)

தம்பி, மாமா இப்போது எப்படி இருக்கிறார்? அதை முதலில் சொல்லுங்கள்.

நீங்கள் கோபத்தில் எடுத்துப்போட்ட குறள் இந்த இழைக்கே சாவி. தேறுதல் என்றால் நம்புதல். தேறுதல் என்றால் தெளிதலும்கூட. அந்த அதிகாரத்தின் பெயரே தெரிந்துதெளிதல். அடுத்த குறளையும் பாருங்கள்:

தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும்
தீரா இடும்பை தரும்

இங்கே தெளிவு என்பது நம்பிக்கை. ஆராயாமல் நம்புவதும் துன்பம், ஆராய்ந்து நம்பிய பிறகு சந்தேகப்படுவதும் துன்பம். அத்தையின் கதை முதல் பாதி.

பாலியில் சத்தாவுக்குக் கூடப்பிறந்த சொல் 'பசாத'. அதற்கும் தெளிவு, நம்பிக்கை இரண்டும் பொருள். மிலிந்தன் என்ற அரசன் நாகசேனரிடம் சத்தாவின் இயல்பு என்ன என்று கேட்கிறான். சக்கரவர்த்தி படையோடு ஓடையைக் கடக்கிறார், யானையும் குதிரையும் தேரும் கலக்கித் தண்ணீர் சேறாகிவிடுகிறது. குடிக்கத் தண்ணீர் கேட்கிறார். நீரைத் தெளிய வைக்கும் மணி ஒன்றைப் போடுகிறார்கள், சேறு அடியில் படிந்துவிடுகிறது. சத்தா அந்த மணி என்கிறார் நாகசேனர். நமக்குச் சக்கரவர்த்தியின் மணி எதற்கு, தேத்தாங்கொட்டை இருக்கிறதே! பாட்டி மண்பானையின் உள்பக்கம் அதை நாலு சுற்று உரசிவிட்டு ஆற்றுத் தண்ணீரை ஊற்றுவார். ராத்திரி ஊற்றினால் காலையில் மேலே கண்ணாடி மாதிரி நிற்கும், வண்டல் அடியில் கிடக்கும். தேற்றுவதால் தேற்றாங்கொட்டை. அழுகிற பிள்ளையைத் தேற்றுவதும் அதே தேற்றுதான்.

ஒன்று கவனியுங்கள். கொட்டை தண்ணீரை உண்டாக்காது. தண்ணீரில் ஏற்கெனவே இருப்பதைக் காட்டும். மாத்திரையை நிறுத்து என்கிற நம்பிக்கை தெளிய வைத்ததா, கலக்கியதா?

விசுத்திமக்கம் என்ற பௌத்த நூலை எழுதிய புத்தகோசர் ஐந்தாம் நூற்றாண்டுக்காரர், காஞ்சியில் இருந்திருக்கிறார். அவர் ஒரு தராசு வைக்கிறார். சத்தா மிகுந்து ஞானம் குறைந்தவன் அடிப்படையே இல்லாததில் நம்பிக்கை வைப்பான். இது அத்தை. ஞானம் மிகுந்து சத்தா குறைந்தவனோ தந்திரக்காரன் பக்கம் சாய்வான்; மருந்தால் வந்த நோயைப் போல அவனைக் குணப்படுத்த முடியாது என்கிறார். கோபித்துக்கொள்ளாதீர்கள், முகநூலில் இந்த இரண்டாவது ஆட்கள்தான் அதிகம்.

நகரித்தறி (நகரி)

கோபம் இல்லை டீச்சர். மாமா நடக்கிறார், செருப்பு மட்டும் தனியாகச் செய்து வாங்க வேண்டும். தேத்தாங்கொட்டை எங்கே கிடைக்கும்?

மாலைக்காரன் (வேலந்தாவளம்)

நாட்டுமருந்துக் கடையில் கேளுங்க, கிடைக்கும்.

நானும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். பதினெட்டு வருஷமாக மாலை போடுகிறேன். 'புத்தம் சரணம்' என்பதும் 'சாமியே சரணம்' என்பதும் ஒன்றுதானே? சபரிமலையே பழைய பௌத்த இடம் என்கிறார்கள்.

டீச்சர் (களியக்காவிளை)

கேரளத்தில் பௌத்தம் இருந்தது நிஜம். அம்பலப்புழை பக்கம் கருமாடிக்குட்டன் என்ற கருங்கல் புத்தர், பாதி உடம்போடு இன்றைக்கும் உட்கார்ந்திருக்கிறார். ஆய் அரசன் விக்கிரமாதித்த வரகுணனின் பாலியம் செப்பேடு ஸ்ரீமூலவாசம் என்ற பௌத்தத் தலத்துக்கு நிலம் கொடுத்ததைச் சொல்கிறது. ஆனால் சொல் ஒன்றாக இருப்பதால் சொந்தம் ஒன்றாகிவிடாது சாமி. சரணம் பொதுச் சொல். அதை வைத்து ஒரு கோயிலின் பூர்வீகத்தை எழுதினால், மச்சான் பார்த்த கொம்பன் கதைதான்.

கீழ்வாசல் (புத்தூர், ஆந்திரா)

சரணம் என்றதால் வருகிறேன். வைணவத்தில் சரணாகதிக்கு அங்கங்கள் சொல்வார்கள். அதில் ஒன்று 'ரக்ஷிஷ்யதி', காப்பான் என்கிற விசுவாசம். அதிலும் சண்டை உண்டு. குரங்குக்குட்டி தாயைத் தானே பிடித்துக்கொள்கிறது, அப்படி இருக்க வேண்டும் என்பது வடகலை. பூனைக்குட்டி ஒன்றும் பண்ணாது, தாய் கவ்விக்கொண்டு போகும் என்பது தென்கலை. எங்கள் வீட்டில் அம்மா ஒரு கலை, அப்பா ஒரு கலை. திருமலை ஏறும்போது அம்மா நடந்து வருவார், அப்பா பஸ்ஸில் போவார். யார் எந்தக் கலை என்று கண்டுபிடித்துக்கொள்ளுங்கள்.

புனலூர் பாசஞ்சர் (செங்கோட்டை)

நன்றாகச் சிரித்தேன். ஆனால் வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. பூனைக்குட்டியின் நம்பிக்கைக்கு முடிவு கிடையாது, வேண்டவும் வேண்டாம். பக்தியில் நம்பிக்கையைக் கடந்து போவது என்ற பேச்சே எழாது. தொல்காப்பியம் உரியியலில் 'நம்பும் மேவும் நசையாகும்மே' என்கிறது. நம்பு என்றால் நசை, விருப்பம். ஆசைப்படுகிறவனுக்கு நிரூபணம் எதற்கு? அம்மாவை யாரும் நிரூபித்துவிட்டு நேசிப்பதில்லை. டீச்சர், பௌத்தத்தில் அப்படி உண்டா?

டீச்சர் (களியக்காவிளை)

மகாயானத்தில் அமிதாபர் என்ற புத்தரின் பெயரைச் சொல்லிச் சரணடைகிறவர்களிடம் உண்டு, அவர்கள் பூனைக்குட்டிக்கு ரொம்பப் பக்கம். தேரவாதத்தில் கதை வேறு. புத்தர் ஒரு நாள் தன் சீடர் சாரிபுத்தரிடம் கேட்கிறார்: 'சத்தாவை வளர்த்தால் அது அமுதநிலைக்கு இட்டுச் செல்லும் என்று நீ நம்புகிறாயா?' சாரிபுத்தர், 'இதில் நான் உங்களை நம்பிப் போகவில்லை. அறியாதவர்கள்தான் பிறர் சொன்னதை நம்ப வேண்டும். நான் கண்டுவிட்டேன்' என்கிறார். புத்தர் 'நன்று, நன்று' என்கிறார். தம்மபதத்தில் ஒரு படி மேலே: 'அசத்தோ', சத்தா அற்றவன், உத்தமன் என்று வருகிறது. யானையைக் கண்டவனுக்குத் தடம் எதற்கு?

இந்த இடத்தில் இரண்டு மரபும் பிரிகின்றன என்றுதான் நினைக்கிறேன். வழவழவென்று ஒன்றாக்க வேண்டாம். உபநிஷத்தில் அறிந்த பிறகும் சிரத்தை குறையாது, சுருதியின், அதாவது வேதத்தின், சொல் அங்கே பிரமாணம். பௌத்தருக்கு அப்படியில்லை.

எங்கள் பக்கத்துச் சர்ச்சில் 'விசுவாசி' என்றால் கிறிஸ்தவர், மலையாளத்தில் 'விஸ்வாசி' என்றால் எந்த மதத்து ஆஸ்திகரும், தமிழில் விசுவாசம் என்றதும் நாய் நினைவுக்கு வருகிறது. சொற்களை வைத்துக்கொண்டு நாம் படுகிற பாடு!

புனலூர் பாசஞ்சர் (செங்கோட்டை)

பிரிகின்றன, ஒத்துக்கொள்கிறேன். பிரிகிற இடத்திலேயே ஒருவர் நிற்கிறார் பாருங்கள், சாக்கிய நாயனார். பெரிய புராணம் படித்தவர்களுக்குத் தெரியும். காஞ்சிக்குப் போய்ப் பௌத்தரானார். பிறகு சிவனே பொருள் என்று மனசு தேறியது. ஆனாலும் காவியைக் கழற்றவில்லை. வெளியில் ஒரு லிங்கம். பக்கத்தில் ஒரு கல் கிடந்தது. அன்பு பொங்க எடுத்து எறிந்தார். மறுநாள் யோசித்தார், நேற்று எறியத் தோன்றியதே, அதுவும் அவன் செயல்தானே என்று மறுபடி எறிந்தார். அதுவே நித்திய பூஜை. பார்க்கிறவனுக்குப் பௌத்தன் லிங்கத்தைக் கல்லால் அடிக்கிறான். ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தவர் கல் எறிய மறந்தது நினைவுக்கு வந்து, சோற்றை விட்டுவிட்டு எழுந்து ஓடினார்.

நம்பினார், நம்பவில்லை என்பதைச் சேக்கிழார் எப்படிக் காட்டுகிறார் பாருங்கள். கல்லிலும் இல்லை, காவியிலும் இல்லை. பசியோடு எழுந்து ஓடினதில் காட்டுகிறார். வரப்பு, புழைக்கரையில் நீங்கள் உட்கார்ந்திருந்த அரைமணி நேரத்தை நான் இதன் பக்கத்தில்தான் வைப்பேன். அப்பா வருவாரா என்பதற்கு விடை என்னிடமும் இல்லை.

நகரித்தறி (நகரி)

கல்லெறிந்து பூஜை எனக்குச் சரிப்பட்டு வரும்.

வரப்பு அண்ணா, ஒன்று சொல்லாமலே விட்டுவிட்டீர்கள். காக்கை வந்ததா, இல்லையா?

வரப்பு (கொழிஞ்சாம்பாறை)

ஈரக் கையைத் தட்டிக் கூப்பிட வேண்டும். தட்டினேன். வரவில்லை. மாமனார் "ஸ்ரத்திச்சு விளிக்கூ" என்றார். மறுபடி தட்டினேன். புழை ஓரத்துப் புளியமரத்தில் நாலைந்து உட்கார்ந்துகொண்டு என்னையே பார்த்தன. கையெல்லாம் எள் ஒட்டிக்கிடந்தது. அப்புறம் ஒன்று இறங்கி, என் இலையைத் தாண்டிப் பக்கத்து இலைக்குப் போனது. அங்கே உட்கார்ந்திருந்தவர் நெம்மாறைக்காரர், முன்பின் தெரியாதவர். அவர் என்னைப் பார்த்துக் கொஞ்சம் சங்கடப்பட்டு, தன் இலையை என் பக்கமாக ஒரு சாண் நகர்த்தி வைத்தார்.